நாய் எதற்காகக் கற்கின்றது?
வெகுமதிவழிப் பயிற்சியும் ஊக்கலும்

அறிமுகம்



புத்தூரில் நாய் இல்லாத வீடுகள் குறைவு. வெங்காயத் தோட்டத்துக்குக் காவலாகவும், படலையடியில் படுத்திருந்து வருவோர் போவோரை அறிவிப்பதாகவும் அதனை நீங்கள் நாளாந்தம் காண்கிறீர்கள். ஒரே வீட்டில் வளரும் அதே நாய், அம்மா கூப்பிட்டவுடன் ஓடி வருகின்றது; தம்பி பத்துத் தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'நாய்க்குக் கொழுப்பு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். விஞ்ஞானம் தரும் விடை வேறு. அம்மாவின் குரலுக்குப் பின்னால் சோறு வருகின்றது. தம்பியின் குரலுக்குப் பின்னால் சில வேளை கயிறு வருகின்றது, சில வேளை குளிப்பாட்டல் வருகின்றது. நாய் இந்தக் கணக்கைச் சரியாக வைத்திருக்கின்றது.

இக்கட்டுரையில் பின்வரும் வினாக்களுக்கு விடை காண்போம்.

1. விலங்கொன்றைக் கற்கத் தூண்டுவது எது?
2. வெகுமதி எது என்பதைத் தீர்மானிப்பது யார்?
3. வெகுமதியை எப்போது, எவ்வாறு கொடுக்க வேண்டும்?
4. இந்த அறிவு எமது குடாநாட்டில் எவ்வாறு பயன்பட்டது?

1. ஊக்கல் என்றால் என்ன?

ஒரு செயலைத் தொடங்கவும், அதனைத் தொடர்ந்து செய்யவும் விலங்கைத் தூண்டும் உள்நிலை ஊக்கல் எனப்படும். பசி, விளையாட்டு விருப்பம், பழகியவரின் அருகில் இருக்கும் விருப்பம், வேட்டையாடும் இயல்பு என்பன நாயிடம் காணப்படும் முக்கியமான ஊக்கல்கள் ஆகும்.

ஊக்கல் நேரத்துக்கு நேரம் மாறுபடும். வயிறு நிறையச் சோறு தின்ற நாய்க்குப் பிஸ்கற் துண்டு பெரிதாகத் தோன்றாது. நண்பகல் வெயிலில் வேப்பமர நிழலில் இளைத்துப் படுத்திருக்கும் நாய் பந்துக்காக எழும்பாது. ஆகவே, 'இந்த நாய்க்கு எது பிடிக்கும்?' என்பதோடு, 'இப்போது அதற்கு எது வேண்டும்?' என்றும் கேட்க வேண்டும்.

2. கற்றலின் இரு வழிகள்

(அ) பவ்லோவின் நாய்கள்

ரஷ்ய உடற்றொழிலியலாளர் இவான் பவ்லோவ், சமிபாடு பற்றிய ஆய்வுகளுக்காக 1904 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அவரது ஆய்வுகூட நாய்கள், உணவு வாய்க்கு வருமுன்னரே, உணவு வரப்போவதைக் காட்டும் அடையாளங்களுக்கு உமிழ்நீர் சுரந்தன. உணவு வாயில் பட்டதும் உமிழ்நீர் சுரப்பது பிறவியிலேயே உள்ள தெறிவினை. ஆனால் ஓர் ஒலியைக் கேட்டுச் சுரப்பது கற்றுக்கொண்ட துலங்கல். ஒலியும் உணவும் பல தடவை அடுத்தடுத்து வந்தமையால், ஒலியே உணவின் முன்னறிவிப்பாக மாறியது. இது சாஸ்திரிய நிபந்தனைப்பாடு எனப்படும்.

(ஆ) தோண்டைக்கின் பூனைகளும் ஸ்கின்னரின் விளக்கமும்

அமெரிக்க உளவியலாளர் எட்வேட் தோண்டைக் 1898 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பசித்த பூனைகளைப் பெட்டியில் அடைத்து, கயிற்றை இழுத்தல், நெம்பை அழுத்தல் போன்ற செயலொன்றைச் செய்தால் கதவு திறக்குமாறு அமைத்தார். வெளியே உணவு இருந்தது. முதலில் பூனை பிராண்டியது, கடித்தது, முட்டியது. தற்செயலாகவே கதவைத் திறந்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது பயனற்ற செயல்கள் குறைந்து, கதவைத் திறக்கும் செயல் விரைவாக நிகழ்ந்தது. நல்ல விளைவைத் தரும் செயல் நிலைபெறும் என்பதே இதிலிருந்து அவர் கூறிய விளைவு விதி.

பின்னர் பி. எஃப். ஸ்கின்னர் இதனை விரிவாக்கினார். ஒரு செயலைத் தொடர்ந்து வரும் விளைவு, அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டுமாயின் அது மீளவலியுறுத்தல் எனப்படும். விலங்கு தானாகச் செய்யும் செயலை விளைவினால் உறுதிப்படுத்தும் இவ்வழி செயற்படு நிபந்தனைப்பாடு ஆகும்.

நாய்ப் பயிற்சியில் இவ்விரு வழிகளும் சேர்ந்தே நடைபெறுகின்றன. நாய் இருந்தவுடன் உணவு கிடைப்பதால் 'இருத்தல்' உறுதிப்படுவது இரண்டாம் வழி. உணவு எடுத்து வரும் ஆளையும், அவரது குரலையும், உணவு வைத்திருக்கும் பையையும் கண்டு நாய் மகிழ்வது முதலாம் வழி.

3. வெகுமதியைத் தீர்மானிப்பது நாயே

மேற்கூறிய வரைவிலக்கணத்தை மீண்டும் வாசியுங்கள். 'நாம் விரும்பிக் கொடுப்பது' என்று அதில் இல்லை. 'செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டுவது' என்றே உள்ளது. எனவே, நாம் கொடுத்தது வெகுமதியா இல்லையா என்பதை நாயின் அடுத்த நடத்தையே காட்டும். இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவாகும்.

உதாரணமாக, நாய் ஓடி வந்து உங்கள் முன் இருந்ததும் நீங்கள் அன்போடு அதன் உச்சந்தலையில் தட்டுகிறீர்கள். நாய் தலையைத் தாழ்த்திப் பின்வாங்குகின்றது. அடுத்த முறை மெதுவாக வருகின்றது. உங்கள் நோக்கம் அன்பு. ஆனால் நாயின் கணக்கில் அது வெகுமதி அன்று.

நாய்களுக்கு வெகுமதியாகப் பயன்படக் கூடியவை:

(அ) உணவு. பெரும்பாலான நாய்களுக்கு இதுவே வலுவானது. சிறிய துண்டுகளாகப் பல முறை கொடுக்கலாம். அவித்த முட்டைத் துண்டு, எலும்பு நீக்கிய அவித்த கோழி இறைச்சி என்பன பொருத்தமானவை. எமது தோட்டங்களில் விளையும் வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். எனவே வெங்காயம் சேர்ந்த கறியை நாய்க்குக் கொடுத்தல் ஆகாது.

(ஆ) விளையாட்டு. பந்தைத் துரத்துதல், துணியைக் கவ்வி இழுத்தல் முதலியன. வேட்டையாடும் இயல்பு கூடிய நாய்கள் உணவை விட்டு விட்டும் பந்தின் பின்னால் ஓடும்.

(இ) தடவுதல். பழகியவர் நெஞ்சையோ காதடியையோ தடவிக் கொடுத்தல்.

(ஈ) சுதந்திரம். படலையைத் திறத்தல், கயிற்றைக் கழற்றுதல், மண்ணை மணக்க விடுதல். நாய் வெளியே போகத் துடிக்கும் நேரத்தில் இதைவிடப் பெரிய வெகுமதி இல்லை.

(உ) பாராட்டுச் சொல். இது தனியே மிகவும் வலுக்குறைந்தது. 2015 ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தடவிக் கொடுப்பவர், வாயால் பாராட்டுபவர் என்ற இருவருள் நாய்கள் தடவிக் கொடுப்பவரையே நாடின. வெறும் பாராட்டு, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேலான விளைவைத் தரவில்லை. ஆனால் 'கெட்டிக்காரன்' என்ற சொல்லைத் தொடர்ந்து உணவு பல முறை வந்திருந்தால், பவ்லோவின் ஒலியைப் போல அச்சொல்லும் மதிப்புப் பெற்றுவிடும்.

நாய்க்கு நாய் வேறுபாடும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், விழித்த நிலையில் அசையாது படுத்திருக்கப் பழக்கப்பட்ட நாய்களின் மூளையைக் காந்தப் படக் கருவியால் ஆராய்ந்தனர். 2016 ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, பெரும்பாலான நாய்களின் மூளை, உரிமையாளரின் பாராட்டு வரப்போகும் அடையாளத்துக்கும் உணவு வரப்போகும் அடையாளத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் துலங்கியது. சில நாய்கள் பாராட்டையும், ஒரு சில உணவையும் கூடுதலாக நாடின. 'எல்லா நாயும் சோற்றுக்கே வாலாட்டும்' என்ற கூற்று முழுமையானதன்று.

நாய் தன் அயலில் நடப்பதையும் கவனிக்கின்றது. 2009 ஆம் ஆண்டு ஒஸ்ரியாவில் நடந்த ஆய்வொன்றில் இரு நாய்களை அருகருகே இருத்தி, முன்னங்காலைக் கொடுக்கும்படி கேட்டனர். ஒன்றுக்கு மட்டும் உணவு கொடுத்தபோது, உணவு பெறாத நாய் விரைவிலேயே கால் கொடுக்க மறுத்தது. தனியே உணவின்றிச் சோதித்தபோது அதே நாய் அதைவிட நீண்ட நேரம் ஒத்துழைத்தது.

4. மூளையில் நடைபெறுவது என்ன?

1990களில் வொல்ஃப்ராம் ஷூல்ற்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புக் கலங்களை ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அக்கலங்கள் வலுவாகத் துலங்கின. சாறு வருமுன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கிய பின்னர், அவை சாற்றுக்கன்றி அடையாளத்துக்கே துலங்கின. அடையாளம் காட்டியும் சாறு வராதபோது அவற்றின் செயற்பாடு வழமையிலும் குறைந்தது. அதாவது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான வேறுபாட்டையே அக்கலங்கள் காட்டின.

நாயும் முலையூட்டியே. பயிற்சியின்போது நாயைச் செயற்படுத்துவது வாயில் விழும் துண்டு மட்டுமன்று. துண்டு வரும் என்ற எதிர்பார்ப்பும் ஆகும். கூப்பிட்டு விட்டு ஏமாற்றினால், கூப்பிடும் சொல்லின் மதிப்பு மெல்ல மெல்ல இறங்கும்.

5. எப்போது, எவ்வாறு கொடுத்தல்?

(அ) உடனடியாக. நாய் இருந்த கணத்திலேயே வெகுமதி வர வேண்டும். நீங்கள் குசினிக்குள் போய் எடுத்து வருவதற்குள் நாய் எழும்பி, குரைத்து, உங்கள் மேல் பாய்ந்திருக்கும். அப்போது கொடுத்தால் பாய்தலே உறுதிப்படும்.

(ஆ) அடையாள ஒலியுடன். உணவு வரச் சற்றுப் பிந்தினாலும், சரியான செயல் எது என்பதைக் குறுகிய ஒலியொன்றால் உடனே குறிக்கலாம். ஸ்கின்னர் 1951 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு விளையாட்டுப் பொருளை இதற்குப் பயன்படுத்தும் முறையை விளக்கினார். கருவி இல்லாவிட்டாலும் 'ஆம்' போன்ற ஒரே சொல்லை ஒரே தொனியில் சொன்னாற் போதும்.

(இ) படிப்படியாக. முதலில் இரண்டடி தூரத்திலிருந்து கூப்பிடுதல், பின் முற்றத்தின் மறுபுறத்திலிருந்து, அதன் பின் தோட்டத்திலிருந்து என்று தூரத்தைக் கூட்ட வேண்டும்.

(ஈ) முதலில் எப்போதும், பின்னர் இடையிடையே. புதிய செயலைக் கற்பிக்கும்போது ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். நன்கு பழகிய பின் சில முறை கொடுத்தும், சில முறை கொடாமலும் விடலாம். எப்போது வரும் என்று தெரியாத வெகுமதிக்காக விலங்கு நீண்ட நேரம் முயலும். சாப்பாட்டு நேரத்தில் நாய் மேசையடியை விட்டு நகராமைக்குக் காரணமும் இதுவே. பத்து நாளில் ஒரு நாள் யாரோ ஒருவர் துண்டு போடுகிறார்.

6. யாழ். குடாநாட்டில் கண்ணிவெடி மோப்ப நாய்கள்

வெகுமதிவழிப் பயிற்சி உயிர் காக்கும் தொழிலாக மாறிய இடங்களுள் எமது குடாநாடும் ஒன்று. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஆதரவுடன் மொசாம்பிக்கிலிருந்து வந்த கண்ணிவெடி அகற்றும் குழுவொன்று மோப்ப நாய்களுடன் இங்கு பணியாற்றியது. இலங்கை இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் நாய்களைப் பயன்படுத்தியுள்ளது. எனினும் முகமாலை போன்ற பெரிய கண்ணிவெடி வயல்களில் வேலையின் பெரும்பகுதி மனிதர் கைகளாலும், உலோகம் காட்டும் கருவிகளாலுமே நடைபெற்றது. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது.

கருவி உலோகத்தைத் தேடுகின்றது. பிளாஸ்ரிக் அல்லது மர உறை கொண்ட வெடிகளில் உலோகம் மிகக் குறைவு. நாயோ மண்ணினூடாகக் கசியும் வெடிமருந்தின் மணத்தைத் தேடுகின்றது. மணம் பிடித்ததும் தோண்டாமல், குரைக்காமல் அமைதியாக இருந்து காட்டும்படி அது பழக்கப்படுகின்றது.

இந்த நாய் எதற்காக வேலை செய்கின்றது? அதற்குக் கண்ணிவெடி என்றால் என்னவென்று தெரியாது. விவசாயி தன் காணிக்குத் திரும்ப வேண்டும் என்பதும் தெரியாது. அதன் கணக்கு எளிது: 'இந்த மணத்தைக் கண்டு இருந்தால் பந்து வரும்.' உலகின் பல நாடுகளில் இத்தகைய நாய்கள் இறப்பர்ப் பந்துக்காகவும் விளையாட்டுக்காகவும் பயிற்றப்படுகின்றன. சில பயிற்சி நிலையங்கள் உணவைப் பயன்படுத்துகின்றன. பந்தின் மேல் தீராத ஆசை உள்ளதா என்பது நாயைத் தெரிவு செய்யும்போதே கவனிக்கப்படும் பண்பாகும்.

இங்கு இரு சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, உண்மையான கண்ணிவெடி நிலத்தில் நாய் இருந்தவுடன், அது சரியா பிழையா என்பது பயிற்றுநருக்குத் தெரியாது. வெறும் மண்ணில் இருந்ததற்குப் பந்து கொடுத்தால், வெறும் மண்ணில் இருக்கும் பழக்கமே வளரும். ஆகவே, வெடிமருந்து எங்கே புதைக்கப்பட்டுள்ளது என்று தெரிந்த பயிற்சி நிலத்தில் நாயைத் தொடர்ந்து பயிற்றியும் சோதித்தும் வருகின்றனர். ஒரே நிலத்துண்டை இரண்டாவது நாயாலும் பரிசோதிப்பது வழக்கம்.

இரண்டாவது, பல நாட்கள் தேடியும் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஊக்கல் தளரும். 2005 ஆம் ஆண்டு வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றில் வெடிமருந்து தேடும் நாய்களை இரு பாதைகளில் நடத்தினர். ஒன்றில் எப்போதும் வெடிமருந்து இருந்தது, மற்றையதில் இல்லை. வெறும் பாதையில் நாய்களின் தேடும் ஆர்வம் குறைந்தது. பின்னர் அப்பாதையில் வெடிமருந்து வைத்தபோதும் அவற்றின் கண்டறியும் திறன் தாழ்ந்தே இருந்தது. 'இங்கே பந்து இல்லை' என்று அவை கற்றுவிட்டிருந்தன. நாயின் மூக்கு பழுதடையவில்லை, எதிர்பார்ப்பே போய்விட்டது. அந்நிலத்தில் பின்னால் நடந்து வருபவர் ஒரு மனிதர் என்பதை எண்ணிப் பாருங்கள். நாயின் ஊக்கலைப் பேணுவது அவரது உயிரைப் பேணுவதாகும்.

7. தடி ஏன் உதவாது?

தண்டனை ஒரு செயலைச் சற்று நேரம் நிறுத்தக் கூடும். ஆனால் அதற்குப் பதிலாக எதைச் செய்வது என்று அது கற்பிப்பதில்லை. மேலும், பவ்லோவின் வழியில் நாய் அடியை அடிப்பவருடன் இணைத்துக் கொள்கின்றது. கோழியைத் துரத்திய நாயைக் கூப்பிட்டு, அது வந்தபின் அடித்தால், அடி விழுந்தது துரத்தியதற்கன்று. வந்ததற்கு என்றே நாய் கற்கும்.

2020 ஆம் ஆண்டு போர்த்துக்கல்லில் 92 வளர்ப்பு நாய்களைக் கொண்டு செய்த ஆய்வில், வெருட்டியும் நோகச் செய்தும் பயிற்றப்பட்ட நாய்கள், வெகுமதியால் பயிற்றப்பட்டவற்றைவிடப் பயிற்சியின்போது கூடுதலான மனவழுத்த அறிகுறிகளைக் காட்டின. மனவழுத்தத்தின்போது சுரக்கும் கோர்ட்டிசோல் ஓமோனும் பயிற்சியின் பின் அவற்றின் உமிழ்நீரில் கூடியிருந்தது. பயந்த நாயே பெரும்பாலும் கடிக்கும் நாயாக மாறுகின்றது.

8. உங்கள் வீட்டில் செய்து பாருங்கள்

செயற்பாடு: கூப்பிட்டவுடன் வரப் பழக்குதல்

1. உங்கள் வீட்டு நாயை மட்டும் தெரிவு செய்க. தெரு நாயிடமோ, அயலவர் நாயிடமோ, குட்டி ஈன்ற நாயிடமோ செய்ய வேண்டாம்.
2. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னர், விரல் நகமளவு துண்டுகள் பத்தை எடுத்துக் கொள்க.
3. பெயரை ஒரு முறை மட்டும் சொல்லிக் கூப்பிடுக. நாய் வந்ததும் உடனே ஒரு துண்டு கொடுக்க.
4. பத்து முறையுடன் நிறுத்துக. நாய் இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே முடிப்பது நன்று.
5. எத்தனை முறை உடனே வந்தது என்பதை ஏழு நாட்கள் குறித்து வருக. அடுத்த வாரம் வேறொரு வெகுமதியுடன் செய்து, இரு வாரங்களையும் ஒப்பிடுக.

இப்பழக்கத்தின் பயன் பெரிது. கூப்பிட்டவுடன் வந்து, பிடிக்கவும் தொடவும் விடும் நாய்க்கே விசர்நோய்த் தடுப்பூசியைச் சிரமமின்றி ஏற்ற முடியும். தடுப்பூசி நாளில் பிடிபடாமல் பனங்காணிக்குள் ஓடும் நாய், வீட்டாருக்கும் ஊருக்கும் ஆபத்தாகும். விசர்நோயின் அறிகுறிகள் மனிதரில் தோன்றிய பின் உயிர் தப்புவது மிக அரிது. நாய் கடித்தாலோ பிராண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நினைவில் வைத்திருக்க

• செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டுவதே மீளவலியுறுத்தல்.
• கொடுப்பவர் மனிதர். அது வெகுமதியா என்று தீர்மானிப்பது நாய்.
• எதிர்பார்ப்பே நாயைச் செயற்படுத்துகின்றது. ஏமாற்றினால் ஊக்கல் தளரும்.
• பிந்திய வெகுமதி பிழையான செயலை உறுதிப்படுத்தும்.

மாதிரி வினாக்கள்

1. சைக்கிள் மணி கேட்டவுடன் நாய் வாலாட்டிக் கொண்டு படலைக்கு ஓடுகின்றது. சைக்கிளில் வருபவர் நாள்தோறும் அதற்குப் பாண் கொண்டு வருபவர். மணி ஒலியைக் கேட்டதும் நாயிடம் மகிழ்ச்சி தோன்றுவது எவ்வகைக் கற்றல்?
விடை: சாஸ்திரிய நிபந்தனைப்பாடு. மணி ஒலி உணவின் முன்னறிவிப்பாக மாறியுள்ளது.

2. 'இரு' என்றதும் நாய் இருந்தது. மாணவன் அதன் தலையில் தட்டினான். ஒரு வாரத்தின் பின் நாய் இருப்பது குறைந்தது. தலையில் தட்டியது மீளவலியுறுத்தலா? காரணம் தருக.
விடை: இல்லை. அச்செயலின் பின் 'இருத்தல்' கூடவில்லை, குறைந்துள்ளது. மாணவனின் நோக்கம் எதுவாயினும், நாய்க்கு அது வெகுமதியாக அமையவில்லை.

3. கண்ணிவெடி மோப்ப நாய் உண்மையான நிலத்தில் இருக்கும் ஒவ்வொரு முறையும் பந்து கொடுத்தால் ஏற்படக் கூடிய தீங்கு யாது? அதனைத் தவிர்க்கும் வழி ஒன்று தருக.
விடை: பிழையாக இருந்ததற்கும் பந்து கிடைக்கலாம், எனவே பிழையாகக் காட்டும் பழக்கம் வளரும். வெடிமருந்து உள்ள இடம் முன்கூட்டியே தெரிந்த பயிற்சி நிலத்தில் தொடர்ந்து பயிற்றிச் சோதித்தல் வேண்டும்.

4. அறிமுகத்தில் கூறப்பட்ட தம்பி கூப்பிட்டால் நாய் வராமைக்குக் காரணம் கூறி, அவன் செய்ய வேண்டியவை இரண்டைக் குறிப்பிடுக.
விடை: அவனது குரலைத் தொடர்ந்து கயிறும் குளிப்பாட்டலும் வந்தமையால், அக்குரல் விரும்பத்தகாத விளைவின் முன்னறிவிப்பாகியுள்ளது. (1) கட்டவும் குளிப்பாட்டவும் கூப்பிடாது, தானே நாயிடம் செல்லுதல். (2) சில நாட்கள், கூப்பிட்டு வந்த ஒவ்வொரு முறையும் நாய் விரும்பும் வெகுமதியை உடனே கொடுத்தல்.